பங்குச் சந்தைச் சொற்களும் நம் கடைப் பேரேடும்



முன்பெல்லாம் மதியம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் நம் கடைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம்தான் பேச்சாக இருக்கும். உளுந்து என்ன விலை, வத்தல் ஏறுமா இறங்குமா என்று விசாரித்துக்கொள்வோம். இன்று கல்லாவில் உட்காரும் நம் பிள்ளைகள் கைபேசியில் சென்செக்ஸ், நிஃப்டி என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பதில் தவறு ஒன்றும் இல்லை. நிலத்திலும் நகையிலும் மட்டுமே சேமித்துவந்த நம்மவர்கள், தொழில் நிறுவனங்களிலும் பங்கு எடுப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் சொல்லுக்குப் பொருள் தெரியாமலே பணத்தைப் போடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் சரக்கு எடுக்கும் வியாபாரி நம்மில் ஒருவரும் இல்லை. பங்கு வாங்கும்போது மட்டும் அந்த வழக்கத்தை ஏன் விடவேண்டும்?

நான் பள்ளிப் படிப்போடு மொத்த வியாபாரத்துக்கு வந்தவன். பொருளாதாரம் படித்தவன் அல்லன். இருந்தாலும், பங்குச் சந்தையில் வழங்கும் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு நம் பேரேட்டிலேயே பொருள் இருக்கிறது என்பதைக் கண்டிருக்கிறேன். அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு நம் பக்கத்து நிறுவனங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, தாழையூத்து சங்கர்நகரில் 1949-இல் உற்பத்தி தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ். மற்றொன்று, 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தோன்றி 1962-இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. இவற்றின் பங்கை வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ நான் சொல்ல வரவில்லை. கணக்கு விளங்குவதற்காக மட்டுமே இவற்றைச் சொல்கிறேன்.

பங்கும் முக மதிப்பும்

நான்கு பேர் கூடி ஆளுக்கு இவ்வளவு என்று முதல் போட்டுக் கடை வைத்தால் அது கூட்டு வியாபாரம். அதே முதலை லட்சக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, விரும்பியவர் வாங்கலாம், விற்கலாம் என்று வைத்தால் ஒவ்வொரு கூறும் ஒரு பங்கு. கூட்டு வியாபாரத்தில் கடை நொடித்தால் கடன்காரர் நம் வீட்டு வாசலுக்கும் வருவார். பங்குதாரருக்கு அந்தப் பயம் இல்லை. முழுத் தொகை செலுத்திய பங்கில் போட்ட பணம் போகலாமே தவிர, அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. இதையே வரையறுத்த பொறுப்பு என்கிறார்கள்.

பங்கின் மேல் குறித்த தொகை முக மதிப்பு. மேற்சொன்ன வங்கியின் பங்குக்கு அது 10 ரூபாய். ஆனால் 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்கு வெளியிட்டபோது ஒரு பங்கு 510 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. எனவே முக மதிப்பு வேறு, விலை வேறு. ‘பத்து ரூபாய்ப் பங்கு’ என்ற பேச்சைக் கேட்டு மலிவு என்று மயங்கக்கூடாது.

பொது வெளியீடு

ஒரு நிறுவனம் முதன்முதலாகப் பொதுமக்களிடம் பங்கு விற்பதை ஐ.பி.ஓ. என்கிறார்கள். அந்த வங்கி 2022-இல் 1 கோடியே 58 லட்சத்து 40 ஆயிரம் புதிய பங்குகளை விற்று, ஏறத்தாழ 808 கோடி ரூபாய் திரட்டியது. அவ்வளவும் புதிய பங்குகள் என்பதால் பணம் வங்கியின் முதலோடு சேர்ந்தது. வேறு சில வெளியீடுகளில் பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்றுவிட்டுப் போவார்கள். அப்போது பணம் அவர்கள் கைக்குப் போகும். நிறுவனத்துக்கு ஒரு காசும் வராது. விண்ணப்பம் போடுமுன் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பது முதல் வேலை.

2022 செப்டம்பர் 15 அன்று அந்தப் பங்கு சந்தைக்கு வந்தது. மும்பைப் பங்குச் சந்தையில் 510 ரூபாயிலும், தேசியப் பங்குச் சந்தையில் 495 ரூபாயிலும் வியாபாரம் தொடங்கியது. ஒரே சரக்கு இரண்டு ஊர் மார்க்கெட்டில் இரண்டு விலை போவது நமக்குப் புதிதல்ல. ஐ.பி.ஓ. என்றாலே முதல் நாளே லாபம் என்பது உறுதியில்லை என்பதும் இதில் தெரிகிறது.

சந்தை மதிப்பு, லாபம், மடங்கு

வெளியீட்டுக்குப் பின் அந்த வங்கியின் மொத்தப் பங்குகள் சுமார் 15.83 கோடி. 510 ரூபாயால் பெருக்கினால் ஏறத்தாழ 8,070 கோடி ரூபாய். இது சந்தை மதிப்பு. அதாவது, வங்கி முழுவதையும் அன்றைய விலைக்கு வாங்குவதானால் ஆகும் தொகை.

2021-22 கணக்காண்டில் அதன் நிகர லாபம் சுமார் 822 கோடி ரூபாய். இதை 15.83 கோடிப் பங்குகளுக்குப் பகிர்ந்தால் பங்கு ஒன்றுக்குச் சுமார் 52 ரூபாய் வரும். இது பங்கு ஒன்றின் ஈட்டம். 510-ஐ 52-ஆல் வகுத்தால் பத்துக்குச் சற்றுக் குறைவு. இதுவே விலை-ஈட்ட விகிதம், பி.இ. என்று சுருக்கிச் சொல்வார்கள்.

இதை நாம் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆண்டுக்கு 5 லட்சம் லாபம் தரும் கடையை ஒருவர் 50 லட்சத்துக்கு விலை பேசினால், பத்து ஆண்டு லாபத்தை முன்னதாகவே கேட்கிறார் என்று பொருள். அதே கடைக்கு 3 கோடி கேட்டால், அறுபது ஆண்டு லாபம். ‘அப்படி என்ன வளர்ச்சி வரப்போகிறது?’ என்று கேட்டுவிட்டு எழுந்து வருவோம். பங்கு விஷயத்திலும் அந்தக் கேள்விதான் முக்கியம். மடங்கு குறைவாக இருந்தால் மலிவு என்றும் சொல்லிவிட முடியாது. விலை குறைவாகக் கிடைக்கும் சரக்கில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, காரணத்தையும் பார்க்கவேண்டும்.

இன்னொரு சொல் புத்தக மதிப்பு. ஐந்தொகையில் சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது உடைமையாளரின் முதல். அதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது புத்தக மதிப்பு. வெளியீட்டுக்கு முன், 2022 மார்ச் இறுதியில் அந்த வங்கிக்கு இது சுமார் 374 ரூபாய்.

பங்கு ஈவும் போனஸும்

லாபத்தில் பங்குதாரருக்கு ரொக்கமாகக் கொடுப்பது பங்கு ஈவு, அதாவது டிவிடெண்ட். 2020 ஏப்ரல் முதல் இது நம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது.

போனஸ் பங்கு என்றால் பலருக்கும் மகிழ்ச்சி. பொது வெளியீட்டுக்கு முன்பே அந்த வங்கி ஒரு பங்குக்கு 500 போனஸ் பங்குகள் கொடுத்திருந்தது. ஒன்று வைத்திருந்தவரிடம் 501 ஆயின. அதனால் அவர் சொத்து 501 மடங்கு ஆகிவிட்டதா என்றால் இல்லை. ஒரு மூட்டைப் பருப்பை 501 பொட்டலமாகக் கட்டினாலும் எடை அதேதான். பொட்டலம் சிறிதானதால் சில்லறையில் விற்க எளிது, அவ்வளவே.

கை மாறும் நிர்வாகம்

நிறுவனத்தைத் தொடங்கி நடத்துபவர்களைப் புரமோட்டர்கள் என்கிறார்கள். அவர்கள் கையில் எவ்வளவு பங்கு இருக்கிறது, அதில் எவ்வளவு அடமானத்தில் இருக்கிறது என்பதை நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடவேண்டும். புரமோட்டர் தம் பங்கையே அடகு வைத்திருந்தால், அந்தக் கடை முதலாளிக்குக் கைமாற்று அதிகம் என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

2024-இல் அல்ட்ராடெக் சிமெண்ட் நிறுவனம் இந்தியா சிமெண்ட்ஸ் புரமோட்டர்களின் 32.72 சதவீதப் பங்கைப் பங்கு ஒன்றுக்கு 390 ரூபாய் வீதம் வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நிர்வாகம் கை மாறியது. 25 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாங்கி நிர்வாகத்தைப் பிடிப்பவர், மற்றப் பங்குதாரர்களிடமும் குறைந்தது 26 சதவீதம் வாங்க முன்வரவேண்டும் என்பது செபி விதி. இதுவே திறந்த அழைப்பு, ஓப்பன் ஆஃபர். இந்தியா சிமெண்ட்ஸின் சிறு பங்குதாரர்களுக்கும் அதே 390 ரூபாய்க்கு அழைப்பு வந்தது. பெரிய கைக்குக் கிடைக்கும் விலை சிறிய கைக்கும் கிடைக்கவேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம்.

செபி என்பது 1988-இல் அமைத்து 1992-இல் சட்ட அதிகாரம் பெற்ற பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம். பங்குகள் இப்போது காகிதமாக இல்லாமல் டீமேட் கணக்கில் இருக்கின்றன. 2023 ஜனவரி 27 முதல், வாங்கிய மறு வேலைநாளில் பங்கும் பணமும் கை மாறிவிடுகின்றன. சென்னையிலிருந்த மதராஸ் பங்குச் சந்தை 2015-இல் மூடப்பட்டது. எனவே நமக்கெல்லாம் இப்போது மும்பைச் சந்தையும் தேசியச் சந்தையும்தான்.

குறியீட்டு எண்

ஒவ்வொரு சரக்கின் விலையையும் தனித்தனியே சொல்லாமல், ‘இன்று மார்க்கெட் கெட்டி’ என்று ஒரே சொல்லில் சொல்கிறோம் அல்லவா? அதை எண்ணால் சொல்வது குறியீட்டு எண். சென்செக்ஸ் 30 பெரிய நிறுவனங்களைக் கொண்டது. 1978-79-ஆம் ஆண்டை 100 என்று வைத்துக் கணக்கிடுவது. நிஃப்டி 50 நிறுவனங்களைக் கொண்டது; 1995 நவம்பர் 3-ஐ 1,000 என்று வைத்துக் கணக்கிடுவது. இரண்டிலும் சந்தை மதிப்பு பெரிதான நிறுவனத்துக்கு எடை அதிகம். அதனால் குறியீடு ஏறிய நாளில் நம்மிடமுள்ள பங்கு இறங்கியிருக்கலாம். பருப்பு ஏறிய நாளில் புளி இறங்குவதில்லையா?

புள்ளியைப் பார்க்காமல் சதவீதத்தைப் பாருங்கள். 2020 மார்ச் 23 அன்று, கொரோனா அச்சத்தில் சென்செக்ஸ் 3,935 புள்ளி விழுந்தது. 2024 ஜூன் 4 அன்று, தேர்தல் முடிவு வந்தபோது 4,390 புள்ளி விழுந்தது. எண்ணைப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரிய வீழ்ச்சி. ஆனால் முதலாவது நூற்றுக்கு 13. இரண்டாவது நூற்றுக்கு 6-க்கும் குறைவு.

முன்பேரமும் ஆப்ஷனும்

இந்தப் பகுதியைப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் படியுங்கள்.

பின்னொரு தேதியில் இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று இன்றே பேசுவது முன்பேரம், ஃபியூச்சர்ஸ். விலை எப்படிப் போனாலும் பேச்சை நிறைவேற்றியாகவேண்டும். ஆப்ஷன் என்பது அச்சாரம் போன்றது. அச்சாரம் கொடுத்தவர் விலை சாதகமானால் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் அச்சாரத்தை விட்டுவிடுவார். ஆனால் இந்த அச்சாரத்துக்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் கையில் பங்கும் மிஞ்சாது, பணமும் மிஞ்சாது. அச்சாரம் வாங்கிக்கொண்டு ஆப்ஷனை விற்றவருக்கோ நட்டத்துக்கு வரம்பே இல்லாமல் போகலாம்.

2021-22 முதல் 2023-24 வரை மூன்றாண்டுகளில் இப்பேரங்களில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களின் கணக்கைச் செபி ஆராய்ந்தது. நூற்றுக்கு 93 பேர் நட்டம் அடைந்திருந்தனர். மொத்த நட்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த ஆண்டான 2024-25-இலும் நூற்றுக்கு 91 பேருக்கு நட்டம். தொகை சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம் கோடி. நூறு கடையில் தொண்ணூறு கடை நொடிக்கும் தெருவில் நாம் கடை பிடிப்போமா?

எனக்குத் தெரிந்த ஒரு கடையில், தீபாவளிச் சரக்குக்கு என்று வைத்திருந்த பணத்தை மகன் இந்த ஆப்ஷனில் போட்டு இரண்டே வாரத்தில் இழந்தான். பணம் போனதைவிடப் பெரிய சேதம், சரக்கு அனுப்பியவருக்குக் கொடுத்திருந்த செக் திரும்பியதுதான். தகப்பனார் முப்பது ஆண்டு கட்டிக்காத்த நாணயத்துக்கு அன்று பழுது வந்தது. இன்று அவர்களுக்கு ரொக்கம் வைத்தால்தான் சரக்கு.

பொருளாதார அளவைகள்

பங்கு விலைகளை அசைக்கும் சில அளவைகளும் உண்டு. நம் தாமிரபரணிப் பாசனத்தில் பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, கார் சாகுபடி எப்படி, பிசானம் எப்படி, அதனால் கிராமங்களில் பணப்புழக்கம் எப்படி என்று கணக்குப் போடுகிறோம். 143 அடி அணையில் எத்தனை அடி நிற்கிறது என்பது நமக்கு ஒரு பொருளாதார அளவை. நாட்டுக்கும் அப்படிப்பட்ட அளவைகள் இருக்கின்றன.

பணவீக்கம்: விலைவாசி ஓராண்டில் எத்தனை சதவீதம் ஏறியது என்பது. மொத்த விலைக் குறியீடு நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகளின் மட்டத்து விலையைக் காட்டும். நுகர்வோர் விலைக் குறியீடு கடையில் வாங்குகிறவர் கொடுக்கும் விலையைக் காட்டும். இரண்டும் மாதந்தோறும் வெளியாகின்றன. பணவீக்கம் 6-லிருந்து 3 ஆனது என்றால் விலை இறங்கியது என்று பொருளல்ல. ஏறும் வேகம் குறைந்தது என்றே பொருள். நுகர்வோர் விலைப் பணவீக்கம் 4 சதவீதத்தை ஒட்டி, 2 முதல் 6-க்குள் இருக்கவேண்டும் என்பது 2016 முதல் ரிசர்வ் வங்கிக்கு வகுத்த இலக்கு.

ரெப்போ வட்டி: வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலத்துக்குக் கடன் கொடுக்கும் வட்டி. 2020 மே மாதத்தில் இது 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5, 2025 ஜூனில் 5.5. 2019 அக்டோபர் முதல் சிறு தொழில்களுக்கான மாறும் வட்டிக் கடன்களை இதுபோன்ற வெளி அளவையோடு இணைத்திருப்பதால், இது மாறினால் நம் வங்கிக் கடன் வட்டியும் மாறும். வட்டி ஏறினால் நிறுவனங்களின் லாபம் குறையும். வைப்புத் தொகைக்கு நல்ல வட்டி கிடைப்பதால் பங்கை நாடுவோரும் குறைவர். ஆகவே, பொதுவாக வட்டி ஏறும்போது பங்கு விலை சோர்வடையும்.

உள்நாட்டு மொத்த உற்பத்தி: ஜி.டி.பி. என்பது இது. நாடு முழுவதையும் ஒரே கடையாக நினைத்தால், அந்தக் கடை ஒரு காலத்தில் உண்டாக்கிய பொருள்களின், சேவைகளின் மதிப்பு. காலாண்டுக்கு ஒருமுறை வரும். முடிந்துபோன காலத்தின் கணக்கு என்பதால், சந்தை இதற்கு முன்பே அசைந்திருக்கும்.

ஜி.எஸ்.டி. வசூல்: நம் கையால் கட்டும் வரியே ஒரு அளவை. 2025 ஏப்ரலில் வசூல் சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம் கோடி ரூபாய். அதுவரை எந்த மாதத்திலும் வராத தொகை. ஏப்ரல் வசூல் மார்ச் மாத வியாபாரத்துக்கானது. ஆண்டுக் கணக்கு முடிப்பும் அதில் சேரும். அதனால் ஏப்ரலை மார்ச்சோடு ஒப்பிடாமல், முந்தைய ஏப்ரலோடு ஒப்பிடவேண்டும். தீபாவளி மாத விற்பனையை ஆடி மாதத்தோடு நாம் ஒப்பிடுவதில்லையே.

டாலர் விலை: பாமாயிலும் பர்மா உளுந்தும் விற்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரூபாய் இறங்கினால் இறக்குமதி செய்யும் நிறுவனத்துக்குச் செலவு கூடும். ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு வரவு கூடும். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் பங்கை விற்று டாலராகக் கொண்டுபோகும்போது பங்கு விலையும் ரூபாயும் சேர்ந்தே இறங்குவது உண்டு.

ஜப்பான் கற்றுத்தரும் பாடம்

இந்த விகிதங்களையும் அளவைகளையும் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானே சான்று. அந்நாட்டின் நிக்கேய் குறியீடு 225 நிறுவனங்களைக் கொண்டது. 1989 டிசம்பர் 29 அன்று அது 38,915-ல் நின்றது. அன்று அங்கே பங்குகள் ஈட்டத்தைப் போல் சுமார் 60 மடங்கு விலைக்கு விற்றன. நிலத்தின் விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது. இனி இறங்காது என்றே பலரும் நம்பினர். 2009 மார்ச்சில் அதே குறியீடு 7,054. பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரி 22 அன்றுதான். முப்பத்து நான்கு ஆண்டுகள்! உழைப்பிலும் தரத்திலும் பெயர் பெற்ற நாட்டிலேயே இந்தக் கதி. நிறுவனம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, கொடுக்கும் விலையும் நியாயமாக இருக்கவேண்டும் என்பதே இதன் பாடம்.

அதே ஜப்பானில் நமக்குப் பெருமை தரும் ஒரு வழக்கமும் உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசு மாதந்தோறும் கடைக்காரர்கள், டாக்சி ஓட்டுநர்கள், முடிதிருத்துவோர் போன்ற சுமார் இரண்டாயிரம் பேரிடம் ‘வியாபாரம் எப்படி?’ என்று கேட்டு, விடைகளை ஒரே எண்ணாக்கி வெளியிடுகிறது. 50-க்கு மேல் என்றால் முன்னேற்றம். கீழே என்றால் சோர்வு. பங்குச் சந்தையில் இருப்பவர்கள் அதைக் கவனித்துப் படிக்கிறார்கள். தெருவில் கடை வைத்திருப்பவருக்கு நாட்டு நிலை முன்னதாகத் தெரியும் என்பதை அந்த அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாமும் எந்தக் கம்பெனிச் சரக்கு ஓடுகிறது, எது தேங்குகிறது, எந்தக் கம்பெனி திடீரென்று அதிகச் சலுகை கொடுத்துச் சரக்கைத் தள்ளுகிறது என்பதைக் கடையில் நின்றே அறிகிறோம். வெளியூரிலிருந்து வரும் ‘டிப்ஸ்’களைவிட அது மேலான தகவல்.

எந்தப் பணத்தைப் போடலாம்?

சொற்கள் தெரிந்த பிறகும் இந்தக் கேள்வி நிற்கிறது. கடைப் பணத்தில் மூன்று வகை உண்டு. முதலாவது, சரக்கில் சுழலும் முதலும் பிறருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியும். இதில் ஒரு ரூபாயும் பங்குச் சந்தைக்குப் போகக்கூடாது. இரண்டாவது, ஆபத்துக் காலத்துக்கு ஒதுக்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி நம் வண்ணார்பேட்டையிலும் சந்திப்புப் பகுதியிலும் புகுந்தபோது, மறு வாரமே கடையைத் திறக்க முடிந்தவர்கள் கையில் ரொக்கமோ வங்கி வைப்போ வைத்திருந்தவர்கள்தான். அதையும் தொடக்கூடாது. மூன்றாவது, வீட்டுச் செலவும் மேற்சொன்ன இரண்டும் போக மிஞ்சுவது. ஐந்தாறு ஆண்டுகள் கேட்காமல் இருக்கக்கூடியது. பங்குக்கு உரியது அந்தப் பணம் மட்டுமே. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ பங்கு வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது.

செபியில் பதிவு பெற்ற தரகர் மூலமே வாங்குங்கள். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி. மாதம் இவ்வளவு லாபம் நிச்சயம் என்பவரிடமும் விலகியே நில்லுங்கள். டீமேட் கணக்குக்கு வாரிசு நியமனம் செய்து, விவரத்தை வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். நம் கடைப் பேரேட்டில் வீட்டுப் பற்றுக்குத் தனிப் பக்கம் வைத்திருப்பதுபோல், பங்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய தேதி, விலை, அன்றைய ஈட்டம், மடங்கு, வாங்கிய காரணம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால், அந்தப் பங்கை வாங்க இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள்.